ஓட்டு வீட்டின் பழைய கூரையைப் பிரித்து மாற்றும் முறை

ஓட்டு வீடு ஒழுகத் தொடங்கினால் எல்லோரும் முதலில் உடைந்த ஓட்டைத்தான் தேடுகிறோம். உடைந்த ஓடு கிடைத்துவிட்டால் நல்லது. ஏணியைச் சாய்த்து வேறொன்றைச் செருகிவிட்டு இறங்கிவிடலாம். ஆனால் ஆண்டுதோறும் ஐப்பசியில் அதே இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டியிருந்தால், பழுது ஓட்டில் இல்லை, ஓட்டைத் தாங்கும் மரத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். நன்கு வெந்த சீமை ஓடு இரண்டு தலைமுறை தாங்கும். அதன் கீழே கிடக்கும் ரீப்பருக்கும் (ஓடு அமரும் குறுக்குச் சட்டம்) கைமரத்துக்கும் (ரீப்பரைத் தாங்கும் சாய்வு மரம்) அவ்வளவு ஆயுள் கிடையாது. எனவே கூரை மாற்றும் வேலையைத் திட்டமிடுகிறவர் ஓட்டின் விலையை விசாரிப்பதற்கு முன் ஒரு டார்ச் விளக்கையும் கூர்மையான திருப்புளி ஒன்றையும் எடுத்துக்கொண்டு மரத்தைப் பார்க்க வேண்டும்.

உச்சி வெயில் நேரத்தில் கதவு சன்னல்களைச் சாத்திவிட்டு அண்ணாந்து பார்த்தால், வெளிச்சம் ஊசியாக இறங்கும் இடங்கள் தெரியும். அவற்றைச் சுண்ணக்கட்டியால் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் தரையில் சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நம்ப வேண்டாம். நீர் கைமரத்தின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு இரண்டு மூன்று அடி இறங்கி வந்த பிறகே சொட்டும். எங்கள் பாட்டி வீட்டில் அடுக்களை ஒழுகுகிறது என்று அடுக்களைக்கு மேலிருந்த ஓடுகளை மூன்று முறை மாற்றினோம். கடைசியில் பார்த்தால் முற்றத்து மூலையின் கூடல்வாயில், அதாவது இரு சரிவுகள் சேரும் பள்ளத்தில், போட்டிருந்த தகடு துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது.

அடுத்து மரம். கைமரம் சுவரில் பதியும் முனைதான் முதலில் கெடும். அங்கே காற்றோட்டம் இல்லை, சுவரின் ஈரம் எப்போதும் உண்டு. அந்த இடத்தில் திருப்புளியை அழுத்திக் குத்துங்கள். வைரம் பாய்ந்த மரமானால் முனை வழுக்கும். கறையான் உண்ட மரமானால் அரை அங்குலம் உள்ளே போய் மாவு கொட்டும். பனங்கை, அதாவது பனைமரக் கைமரம், போட்ட வீடுகளில் இந்தச் சோதனை இன்னும் அவசியம். முற்றிய பனையின் வெளிவைரம் கல் போன்றது, உட்சோறு மென்மையானது. பனையை அறுக்கும்போது உட்சோற்றைச் சரியாகச் செதுக்கி நீக்காமல் விட்டிருந்தால் உள்பக்கம் மட்டும் உளுத்துப்போய் வெளிப்பக்கம் பளபளவென்று நிற்கும். முகட்டின் கோட்டைத் தெருவில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். நடுவில் தொய்ந்திருந்தால் முகட்டில் நீளவாக்கில் கிடக்கும் மோட்டுவளை மரமோ அதைத் தாங்கும் உத்தரமோ தளர்ந்திருக்கிறது. அந்த நிலையில் ஓட்டை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

வேலைக்கு உகந்த காலம் தை பிற்பகுதி முதல் பங்குனி வரை. சித்திரையில் கோடை மழை திடீரென்று வரும். ஆடியில் காற்று பொல்லாதது. அம்மியே பறக்கும் என்று சொல்லிவைத்த மாதத்தில் கூரையைத் திறந்து வைப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஆவணி, புரட்டாசியில் தொடங்குகிறவர்கள் ஐப்பசி மழைக்குள் முடித்துவிடலாம் என்று எண்ணுவார்கள். ஆசாரி இரண்டு நாள் வராமல் போனால் கணக்கு தவறிவிடும்.

ஓட்டின் கணக்கைக் கடைக்காரரிடம் விடாமல் நீங்களே போட்டுப் பார்ப்பது நல்லது. 30 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள, இரு சரிவு கொண்ட வீட்டை எடுத்துக்கொள்வோம். பாதி அகலம் 10 அடி. இறவாணம், அதாவது கூரையின் தாழ்ந்த ஓரம், சுவரைத் தாண்டி 2 அடி நீண்டால் கிடைமட்டத்தில் 12 அடி. அந்த 12 அடிக்கு 7 அடி ஏற்றம் இருந்தால் சரிவின் நீளம் ஏறத்தாழ 14 அடி. இரு முனைகளிலும் ஓர் அடி வெளியே நீட்டினால் நீளம் 32 அடி. ஆக, இரு சரிவுக்கும் சேர்த்து 896 சதுர அடி, அதாவது சுமார் 83 சதுர மீட்டர். மங்களூர் மாதிரிச் சீமை ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 15 வேண்டும். இந்தக் கூரைக்கு 1,250 ஓடுகள். உடைவதற்கும் சேமிப்புக்கும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வைத்தால் 1,375. ஓர் ஓடு இரண்டு முதல் இரண்டரைக் கிலோ இருக்கும் என்பதால் கூரையின் மேல் ஏறும் ஓட்டின் எடை மட்டுமே மூன்று டன்னை நெருங்கும். மழையில் ஊறினால் இன்னும் சில நூறு கிலோ கூடும். உளுத்த கைமரத்தை மாற்றாமல் விடக்கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

சரிவையும் இப்போதே அளந்துகொள்ளுங்கள். கிடையாக 2 அடிக்கு 1 அடியாவது ஏற்றம் இல்லாத கூரையில் சீமை ஓடு போட்டால், காற்றோடு வரும் மழை ஓட்டின் மேல் ஓடு ஏறியிருக்கும் இடுக்குக்குள் ஏறி உள்ளே இறங்கும்.

புது ஓடு வாங்கும்போது ஒன்றை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறுகையின் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நன்கு வெந்த ஓடு வெண்கலக் கிண்ணம் போல் ஒலிக்கும். வேகாததும் கீறல் விட்டதும் மொத்தென்று கேட்கும். ஐந்தாறு ஓடுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, பள்ளத்தின் இரு முனைகளையும் களிமண்ணால் அடைத்து, நீர் ஊற்றி ஆறு மணி நேரம் வையுங்கள். அடிப்பக்கம் சற்றே ஈரம் காண்பது பிழையில்லை. சொட்டினால் அந்தச் சூளையின் ஓடு வேண்டாம்.

பழைய ஓடுகளைத் திரும்பப் பயன்படுத்துவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. இன்றைய ஓடுகள் பலவற்றைவிட அவை உறுதியானவை. மங்களூரில் பேசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பினர் 1865-இல் தொடங்கிய ஆலையைப் பின்பற்றிப் பிறகு பல ஆலைகள் எழுந்தன. ஒவ்வோர் ஆலையின் அச்சும் சற்றே வேறு. எனவே ஓட்டில் பதிந்திருக்கும் ஆலை முத்திரையைப் பார்த்து ஓடுகளைப் பிரித்து அடுக்குங்கள். வேறு அச்சு ஓடுகளை ஒரே சரிவில் கலந்தால் பள்ளமும் வரம்பும் ஒன்றோடொன்று பொருந்தாமல், புதுக்கூரையே ஒழுகும். ஒரு சரிவுக்கு ஓர் ஆலை ஓடு என்று பிரித்துக்கொண்டால் போதும். முத்திரையில் ஆண்டு இருந்தால் அதை ஓட்டின் வயது என்று பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் அது ஆலை தொடங்கிய ஆண்டு.

பிரிக்கும் நாளுக்கு முன்பே மூன்று ஏற்பாடுகள் வேண்டும். வீட்டுக்கு வரும் மின்கம்பி கூரையைத் தொட்டோ தாழ்ந்தோ சென்றால், மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகே ஆள் மேலே ஏற வேண்டும். ஒரு சரிவை முழுதாக மூடும் அளவுக்குத் தார்ப்பாய் கையில் இருக்க வேண்டும். பிரித்த பழைய மரம் யாருக்கு என்பதைக் கூலி பேசும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். பழைய தேக்குக்கும் வேங்கைக்கும் நல்ல விலை உண்டு என்பதால் இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டுச் சண்டையில் முடிந்த வேலைகளைப் பார்த்திருக்கிறேன்.

பிரிப்பதை முகட்டிலிருந்து தொடங்க வேண்டும். மோட்டு ஓடுகளை எடுத்த பின் இரு சரிவிலும் மேலிருந்து கீழாக, இரு பக்கமும் ஏறக்குறைய சம அளவில் இறக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முழுதும் காலி செய்தால் மறுபக்கத்துப் பாரம் பழைய மரச்சட்டத்தைச் சாய்த்துவிடும். நீளமான வீடாக இருந்தால் ஒரே நாளில் முழுவதையும் திறக்காமல், மாலைக்குள் மூடக்கூடிய அளவுக்கு இரண்டு மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்வது நல்லது. வேலை செய்கிறவர் ஓட்டை மிதிக்கக்கூடாது; உறுதியான கைமரங்களின் மேல் பலகையையோ ஏணியையோ கிடத்தி, இடுப்புக் கயிற்றை மறுபக்கத்து உறுதியான மரத்தில் கட்டிக்கொண்டு, அதன் மேல் நிற்க வேண்டும். ஓட்டின் இடுக்குகளில் தேளும் பூரானும் குடியிருக்கும். முழுக்கைச் சட்டையும் தடித்த கையுறையும் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். இறக்கிய ஓடுகளைக் கிடையாக அடுக்காமல், மணல் பரப்பி, விளிம்பில் நிறுத்தி அடுக்கினால் உடையாது.

மரவேலையில் அவசரம் கூடாது. முனை மட்டும் கெட்ட கைமரத்தை, கெட்ட பகுதியை வெட்டி நீக்கி, நல்ல மரத்தைப் பக்கத்தில் சேர்த்து ஆணி முடுக்கிக் காப்பாற்றலாம். பாதிக்கு மேல் உளுத்ததை மாற்றிவிடுவதே சிக்கனம். சுவரில் பதியும் முனைகளுக்குக் கறையான் மருந்து பூசி உலரவிடுங்கள். இப்போது பலர் மரத்துக்குப் பதில் இரும்புக் குழாய்ச் சட்டம் வைக்கிறார்கள். கறையான் தொல்லை இல்லை என்பது உண்மைதான், ஆனால் பற்றவைத்த இடங்களைத் தேய்த்துச் சிவப்புத் துருத்தடுப்புப் பூச்சு இரண்டு கை பூசாவிட்டால் கடற்கரை ஊர்களில் சில ஆண்டுகளிலேயே உதிரத் தொடங்கும்.

கூரையின் ஆயுளை முடிவு செய்வது ரீப்பர் இடைவெளிதான். சுமார் பன்னிரண்டரை அங்குலம் என்று பொதுவாகச் சொன்னாலும், அந்த எண்ணை நம்பி ஆணி அடிக்காதீர்கள். வாங்கிய ஓடுகளில் பத்தைத் தரையில் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி வரிசையாக வைத்து, ஒரு முறை நெருக்கித் தள்ளியும், ஒரு முறை இழுத்துத் தளர்த்தியும் அளந்து, இரண்டின் சராசரியிலிருந்து ஓர் ஓட்டுக்கான இடைவெளியைக் கண்டு, அதன்படி ரீப்பர் அடியுங்கள். கைமரத்தின் இரு முனையிலும் கயிற்றில் சுண்ணாம்புத்தூள் தேய்த்துக் கோடு போட்டுக்கொண்டால் வரிசை கோணாது. இறவாணத்தின் முதல் ரீப்பர் மட்டும் மற்றவற்றைவிட ஓர் ஓட்டின் கனம் உயர்ந்திருக்க வேண்டும். மேல் வரிசை ஓடுகளெல்லாம் கீழ் வரிசையின் முதுகில் அமர்கின்றன. இறவாணத்து முதல் வரிசைக்குக் கீழே ஓடு இல்லை. இதைக் கவனிக்காத கூரையில் அந்த வரிசை தலை கவிழ்ந்து நிற்கும்.

ஓடு வேய்வது இறவாணத்திலிருந்து மேல்நோக்கி, இரு சரிவிலும் ஒன்றுபோல நடக்க வேண்டும். ஓட்டின் ஒரு விளிம்பில் பள்ளமும் மற்றதில் மூடும் வரம்பும் இருக்கும். பள்ளம் உள்ள விளிம்பை அடுத்த ஓட்டின் வரம்பு மூடும்படி, அதற்கேற்ற முனையிலிருந்து தொடங்குங்கள். அடிப்பக்கக் காதில் துளை இருக்கும் ஓடுகளைக் கடற்கரை மாவட்டங்களில் துத்தநாகம் பூசிய கம்பியால் ரீப்பரோடு கட்டுவது கட்டாயம். காற்று முதலில் தூக்குவது இறவாண ஓரத்தையும் முகட்டையும்தான். 2018 நவம்பரில் கஜா புயலைக் கண்ட வேதாரண்யத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சம் வேண்டும் இடத்தில் கண்ணாடி ஓடு செருகுவதானால், அதுவும் அதே அச்சில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கூடல்வாயில் சிமெண்டை அப்பி மூடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் கூரையில் அந்தப் பூச்சு ஒரு கோடையிலேயே கீறல்விடும். கனமான தகட்டைப் பள்ளமாக மடித்து, இருபுறமும் ஓட்டுக்குக் கீழே ஒன்பது அங்குலமாவது செல்லும்படி விரித்து, ஓடுகளைக் கோடு பிடித்து வெட்டி அதன் மேல் நிறுத்துங்கள். மோட்டு ஓடுகளை நீரில் ஊறவைத்த பின், ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் கலந்த கலவையில் பதிக்கலாம். சுண்ணாம்பு சேர்ந்த கலவை வெறும் சிமெண்டைப் போல எளிதில் வெடிக்காது. பதித்த பின் ஒரு வாரமாவது காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் கூலியை முழுதாகக் கொடுத்துவிடாமல், ரப்பர் குழாயால் நீர் பாய்ச்சிப் பாருங்கள். கீழ் வரிசையில் தொடங்கி, ஒவ்வொரு பகுதியிலும் பத்து நிமிடம் நிறுத்தி, மெல்ல மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பில் முகட்டில் ஊற்றினால் எந்த வரிசை ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு நின்று குரல் கொடுக்கட்டும். மீந்த ஓடுகளில் ஐம்பதையாவது கொல்லைப்புறச் சுவரோரம் நிறுத்தி வையுங்கள். பத்தாண்டு கழித்து அதே அச்சில் ஓடு தேடினால் கிடைக்காது.