ஓசோன் வைத்துக் குடிநீரைச் சுத்திகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபில்டரைக் கழுவுங்கள், ஒயரிங்கைச் சரிபாருங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். சிறிய குடிநீர் அமைப்புகளில் ஓசோன் பொருத்தும் புதியவர்கள், ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

ஈரக் காற்று

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஓசோன் தயாரிக்கும் ஜெனரேட்டருக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, காற்றை உலர்த்தும் ட்ரையரில் மிச்சம் பிடிப்பது. நானும் பிடித்தேன். மூன்றே மாதத்தில் ஓசோன் குறைய ஆரம்பித்தது, நான் மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். கடைசியில் செல்லைக் (ஜெனரேட்டருக்குள் மின்பாய்ச்சலில் ஓசோன் உருவாகும் பகுதி) கழற்றிப் பார்த்தால் கண்ணாடிக் குழாய் முழுக்கப் பழுப்புப் படிவு, கீழ் முனையில் பிசுபிசுவென்று ஏதோ தேங்கியிருந்தது, எஃகு அரித்துப் போயிருந்தது. காற்றில் உள்ள நைட்ரஜன் மின்பாய்ச்சலில் நைட்ரஜன் ஆக்சைடாக மாறும், அதோடு ஈரம் சேர்ந்தால் நைட்ரிக் அமிலம், அவ்வளவுதான். செல்லையே மாற்ற வேண்டியதாயிற்று, ட்ரையரில் மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு செலவு.

உள்ளே போகும் காற்றின் டியூ பாயிண்ட் (அதிலுள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 60 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். "ட்ரையரில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இன்னும் நீலமாகத்தானே இருக்கிறது" என்று சொல்வார்கள். அது நிறம் மாறுவதற்கு வெகு முன்பே காற்று நமக்கு வேண்டிய அளவைத் தாண்டி ஈரமாகியிருக்கும். மீட்டர் வைத்து அளந்து பாருங்கள், தயவுசெய்து.

ஓசோன் இருக்கும்போது குளோரின் எதற்கு?

ஓசோன் தண்ணீரில் தங்காது. சாதாரண வெப்பநிலையில் அரை மணி நேரத்துக்குள்ளாகவே பாதி சிதைந்துவிடும், தண்ணீர் சூடாகவோ காரத்தன்மையோடோ இருந்தால் இன்னும் சீக்கிரம். அது போதாதென்று, தண்ணீரில் உள்ள கரிமப் பொருட்களை உடைத்து பாக்டீரியாவுக்குத் தோதான தீனியாக்கிவிட்டுப் போகும். குழாயில் நீண்ட தூரம் போகும் தண்ணீருக்கு, கடைசியில் கொஞ்சம் குளோரின் கட்டாயம் வேண்டும்.

ரப்பர் வாஷர்

வேண்டாம். ஓசோனைத் தாங்கும் வைட்டான் அல்லது டெஃப்லான் போடுங்கள்.

புரோமைடு

தண்ணீரில் இது இருக்கிறதா என்று ஓசோன் பொருத்துவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். புரோமைடு இருந்தால் உடலுக்குக் கேடான புரோமேட் உருவாகும், அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். புரோமேட் வந்த பிறகு அதை எடுப்பது பெரும்பாடு.

அளவு கூடினால் நல்லதுதானே?

இல்லை. மாங்கனீசு உள்ள தண்ணீரில் ஓசோன் அளவுக்கு மீறினால் பெர்மாங்கனேட் உருவாகி, தம்ளரில் தண்ணீர் இளஞ்சிவப்பாக நிற்கும். அதே மாங்கனீசைச் சரியான அளவு ஓசோன் திடத்துகளாக மாற்றிவிடும், பின்னால் இருக்கும் ஃபில்டரில் பிடித்துவிடலாம்.

பம்ப் நிற்கும்போது

தண்ணீர் பின்னோக்கி ஏறிச் செல்லுக்குள் போய்விடும். ஒரே ஒரு நான்-ரிட்டர்ன் வால்வை நம்ப வேண்டாம், அதன் சீட்டில் மணல் துகள் ஒன்று சிக்கினாலே போதும். இரண்டு போடுங்கள், நடுவில் தண்ணீர் வந்தால் கண்ணில் படும்படி ஒரு தெளிவான குழாயும் வையுங்கள்.