குறைந்த செலவில் நைட் விஷன்: தேடுவதற்கு ஒன்று, அடையாளம் காண ஒன்று

பட்டியில் ஆடு வைத்திருப்பதால், நரி வரும் ராத்திரிகளில் காவல் இருப்பது என் வேலை. இருட்டில் பார்க்க உதவும் நைட் விஷன் கருவி வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு தூரம் தெரியும்?" என்றுதான். எவ்வளவு தூரத்தில் நரியா நாயா என்று பிரித்துச் சொல்ல முடியும் என்று கேளுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண் பெரும்பாலும், அங்கே சூடாக ஏதோ இருக்கிறது என்று தெரியும் தூரம் மட்டுமே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உடல் சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கருவிகளில், விலை குறைந்தவற்றில் 256×192 பிக்சல் சென்சார்தான் அதிகம். பிக்சல் 12 மைக்ரான், லென்ஸ் 25 மி.மீ. என்றால், 200 மீட்டரில் ஒரு பிக்சலுக்குள் கிட்டத்தட்ட 10 செ.மீ. அடங்கிவிடும். 70 செ.மீ. நீள நரி அங்கே வெறும் 7 பிக்சல். அதில் காது எது, வால் எது? டிஜிட்டல் ஜூம் அந்த ஏழையும் பெரிதாக்கும், எட்டாவதைத் தராது.

ஐஆர் (அகச்சிவப்பு) வெளிச்சம் அடித்து கேமரா போலப் படம் காட்டும் டிஜிட்டல் நைட் விஷனில் காது, வால், கழுத்துப்பட்டை வரை பார்க்கலாம். ஆனால் புதரோரம் அசையாமல் படுத்திருக்கும் விலங்கைக் கண்டுபிடிப்பதில் அது தெர்மலுக்குப் பக்கத்தில்கூட வராது. ஐஆர் வெளிச்சத்தில் கண்கள் தொலைவிலேயே மின்னும். நாயின் கண்ணும் கன்றின் கண்ணும் அப்படித்தான் மின்னும். அதை மட்டும் நம்பிச் சுடவே கூடாது.

அதனால் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் துப்பாக்கியில் மாட்டும் டிஜிட்டல் நைட் விஷன் ஸ்கோப் வாங்குங்கள். அப்புறம் பணம் சேர்ந்தால் கையில் பிடிக்கிற சின்ன தெர்மல். தேட தெர்மல், உறுதி செய்ய ஸ்கோப். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தேடும் ஆபத்தான பழக்கமும் இதனால் போகும்.

ஐஆர் டார்ச் தனியாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி, ஒளியைக் குவிக்கவும் விரிக்கவும் வசதியோடு இருக்கட்டும். 850 நானோமீட்டர் அலைநீள ஒளி அதிக தூரம் போகும், ஆனால் டார்ச் முகப்பில் மங்கலான சிவப்பு தெரியும். 940 கண்ணுக்குத் தெரியாது, எட்டும் தூரமும் குறைவு. திறந்தவெளிக்கு நான் 850தான் சொல்வேன். மூடுபனியிலும், லென்ஸுக்கு முன்னால் புல் நீட்டிக்கொண்டிருந்தாலும் வெளிச்சம் திரும்பி அடித்துப் படம் வெளுத்துவிடும்.

மங்கலான ஒளியைப் பெருக்கிக் காட்டும், மலிவாகக் கிடைக்கும் பழைய ஜென் 1 (முதல் தலைமுறை) குழாய்கள் வேண்டாம். பிரகாசமான வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகலாம். தெர்மலில் நொடிக்கு 9 ஃபிரேம் என்றால் ஓடும் விலங்கு தத்தித் தத்தித் தெரியும். 25 இருந்தால் போதும். பேட்டரி கழற்றி மாற்றும் வகையாக இருப்பது நல்லது.

உங்கள் நாட்டில் இரவு வேட்டைக்கும் இந்தக் கருவிகளுக்கும் அனுமதி உண்டா என்று பணம் கட்டும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கடைக்குள் நின்று ஜன்னல் வழியே தெர்மலைச் சோதிக்காதீர்கள். சாதாரணக் கண்ணாடி வெப்பக்கதிரை மறித்துவிடும். இருட்டியபின் வெளியே போய், ஒருவரை நாயோடு 50, 100, 150 மீட்டரில் நிற்கச் சொல்லுங்கள். நாய் என்று உறுதியாகச் சொல்ல முடிகிற கடைசித் தூரம்தான் அந்தக் கருவியின் எல்லை.