கடைமடை மதகைத் திறந்து வையுங்கள்: வேறொரு நிரலின் வெளியீட்டைப் பிடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுப் பரணில் நாகஸ்வரக் கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. சுவாமி புறப்பாட்டின்போது வாசித்த மல்லாரி, நள்ளிரவு தாண்டியும் நீண்ட தோடி ஆலாபனை எல்லாம் அதில் உண்டு. அவற்றைக் கணினியில் ஏற்றியபின், நீளத்தை அளந்து எம்பி3 ஆக்குவதற்குப் பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். பாடுபடுவது ஒலி, ஒளிக் கோப்புகளை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல், அதை அழைத்து, அது சொல்வதைக் கேட்டுக்கொள்வது மட்டுமே என் நிரலின் வேலை. தவறுகள் அத்தனையும் அந்தக் கேட்கும் இடத்தில்தான் நேர்ந்தன.

புதிதாக எழுதுகிறவர்கள் முதலில் ஓஎஸ்.சிஸ்டம் என்பதைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது கட்டளையை இயக்கி, முடிவு நிலையைக் குறிக்கும் எண்ணை மட்டும் தரும். வெளியீடு திரையில் ஓடிப் போய்விடும், மாறியில் சேராது. வேறு நிரல்களை இயக்கப் பைத்தானிலேயே உள்ள சப்பிராசஸ் தொகுப்பைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அடுத்து, வெளியீடு ஒன்றல்ல, இரண்டு. கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் பிரிவதுபோல, வழக்கமான வெளியீட்டுக்கு ஸ்டாண்டர்ட் அவுட், பிழை, எச்சரிக்கைகளுக்கு ஸ்டாண்டர்ட் எரர் என இரண்டு வழிகள். எஃப்எஃப்எம்பெக் தன் தகவல்களையெல்லாம் இரண்டாவதில்தான் எழுதுகிறது. முதலாவதை மட்டும் பிடித்தால் வெற்றுச் சரம்தான் கிடைக்கும். அதற்காக இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடவும் கூடாது. கோப்பின் நீளம் முதலியவற்றைச் சொல்லும் துணை நிரலான எஃப்எஃப்புரோப் தரும் ஜேசான் (நிரல்கள் படிக்கும் தரவு வடிவம்) நடுவே ஓர் எச்சரிக்கை வரி நுழைந்தால், அதைப் படிக்கவே முடியாது.

என்னை அதிகம் வாட்டியது வேறு. சிறிய பதிவுகள் ஒழுங்காக மாறின. நீண்ட ஆலாபனைகள் பாதியில் நின்றன. பிழைச் செய்தியும் இல்லை, கணினிக்கு வேலைப்பளுவும் இல்லை. ஸ்டாண்டர்ட் எரரைப் பைப்பில் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலுக்குக் கடத்தும் வாய்க்கால்) விட்டுவிட்டு, படிக்காமலே 'வெயிட்' என்று காத்திருந்தேன். லினக்ஸில் ஒரு பைப்பின் கொள்ளளவு இயல்பாக 65,536 பைட். முன்னேற்றத் தகவல் அந்த அளவை எட்டியதும் எஃப்எஃப்எம்பெக்கால் மேற்கொண்டு எழுத முடியவில்லை. இடம் கிடைக்கும் வரை நின்றுவிட்டது. அது முடியட்டும் என்று என் நிரலும் நின்றது. கடைமடை மதகை அடைத்துவிட்டு மேலே தண்ணீர் திறந்த கதை. வாய்க்காலாக இருந்தால் கரையாவது உடையும். பைப் உடையாது, எழுதுகிறவரை அப்படியே நிறுத்திவைக்கும். ஸ்டாண்டர்ட் அவுட்டை முழுக்கப் படித்தபிறகு மற்றதைப் படிக்கலாம் என்று எழுதினாலும் இதே முடக்கம் வரும்.

சப்பிராசஸில் உள்ள 'கம்யூனிகேட்' இரண்டையும் ஒருசேர வடித்துத் தரும். 2018இல் வந்த பைத்தான் 3.7 முதல், 'ரன்' கட்டளையில் கேப்ச்சர் அவுட்புட் என்ற விருப்பத்தைக் கொடுத்தாலே போதும். ஆனால் இவை முழு வெளியீட்டையும் நினைவகத்தில் சேர்க்கும். ஒலியையே பைப் வழியாக வாங்குவதைவிடக் கோப்பில் எழுதச் சொல்வது நல்லது. கால வரம்பு வைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: நேரம் கடந்ததும் 'ரன்' அந்த நிரலைத் தானே நிறுத்திவிடும், 'கம்யூனிகேட்' நிறுத்தாது, நாம்தான் நிறுத்த வேண்டும்.

எஃப்எஃப்எம்பெக் விசைப்பலகை உள்ளீட்டையும் எதிர்பார்த்திருக்கும். பின்னணியில் இயக்கும்போது 'நோஸ்ட்டின்' விருப்பத்தைத் தவறாமல் கொடுங்கள்.

கட்டளையை ஒரே சரமாகக் கோத்து, கட்டளை வரிகளைப் படித்து இயக்கும் ஷெல்லிடம் கொடுப்பதை நான் அறவே ஏற்பதில்லை. 'மல்லாரி (தேர் அன்று)' என்ற கோப்புப் பெயரின் அடைப்புக்குறியை ஷெல் தன் இலக்கணமாக எடுத்துக்கொண்டு பிழை தந்தது. பெயரில் அரைப்புள்ளி இருந்தால், அதற்குப் பின்னால் இருப்பதை இன்னொரு கட்டளையாகவே இயக்கிவிடும். பிறர் தரும் கோப்புகளுக்கு இது பெரிய ஆபத்து. கட்டளையையும் அதன் பகுதிகளையும் தனித்தனியாகப் பட்டியலில் கொடுத்தால், ஷெல் குறுக்கே வராது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்று. பைப்பில் வருவது எழுத்தல்ல, பைட். எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் 'க' 3 பைட். 'கோ' 6 பைட். ஆயிரம் ஆயிரம் பைட்டாக வாங்கி ஒவ்வொரு துண்டையும் உடனே எழுத்தாக மாற்றினால், ஓர் எழுத்து நடுவில் வெட்டுப்பட்டுப் பிழை வரும். முழுவதும் வந்தபின் மாற்றுங்கள். குறிமுறை யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகவே குறிப்பிடுங்கள். விண்டோஸில் இது மிகவும் அவசியம்.

முடிவு எண் சுழியமா என்று பார்க்காமல் வெளியீட்டை நம்பக் கூடாது. 'செக்' விருப்பம் அதைப் பார்த்துக்கொள்ளும். ஆயினும், பழுதான பதிவிலும் எஃப்எஃப்எம்பெக் சில சமயம் சுழியம் தந்துவிடுகிறது. அதனால் மாற்றிய கோப்பின் நீளத்தை எஃப்எஃப்புரோப் மூலம் மீண்டும் அளக்கிறேன். சி-90 கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். மாற்றியது 31 நிமிடத்தில் முடிந்திருந்தால், மூலக் கோப்பை நிரல் தனி அடைவில் வைத்துவிடும். அதை நானே முழுதும் கேட்டுப் பார்த்தபிறகுதான் மேற்கொண்டு எதுவும் செய்கிறேன்.