ஏஆர்-10: முழுதாக வாங்குவதா, பாகம் சேர்த்துக் கட்டுவதா?

டெக்சாஸில் காட்டுப்பன்றி வேட்டைக்கு ஏஆர்-10, அதாவது .308 தோட்டா சுடும் ஏஆர் வகை ரைஃபிள், தேடுபவர்கள் என்னிடம் விலையைத்தான் முதலில் கேட்பார்கள். நான் கேட்பது, "ஏற்கெனவே இதன் சிறிய வடிவமான ஏஆர்-15ஐக் கட்டியிருக்கிறீர்களா?" என்று. கட்டியவர்களுக்குத்தான் கூடுதலாக எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏஆர்-15க்கு ராணுவ அளவுக் குறிப்புகள் உண்டு. யார் செய்த பாகமும் பெரும்பாலும் பொருந்திவிடும். 1950களில் யூஜீன் ஸ்டோனர் ஆர்மலைட் நிறுவனத்தில் வடிவமைத்த ஏஆர்-10தான் அதற்கு மூத்தது. ஆனால் அதற்கு அப்படியொரு பொது அளவு உருவாகவே இல்லை. சந்தையில் இரண்டு வகை. மேல் ரிசீவரின் (துப்பாக்கி உடற்கூட்டின் மேல்பாதி) பின்முனை வளைந்து இறங்கினால் டிபிஎம்எஸ் என்ற தயாரிப்பாளரின் வகை. சாய்வாக, நேர்கோட்டில் வெட்டியிருந்தால் ஆர்மலைட் வகை. இரண்டும் ஒன்றோடொன்று சேராது. டிபிஎம்எஸ்ஸிலேயே மேல் ரிசீவரின் உயரத்தைப் பொறுத்து உயர வெட்டு, தாழ வெட்டு என்று பிரிவு உண்டு. அதைக் கவனிக்காமல் முன்கைப்பிடி வாங்கினால் மேல்தண்டவாளம் (குறிநோக்கி பொருத்தும் பட்டை) ரிசீவரோடு மட்டமாக அமையாது. மேகசினையும் வகை பார்த்தே வாங்க வேண்டும்.

ஆகவே, இந்தக் காலிபரில் முதல் ரைஃபிள் என்றால் முழுதாகவே வாங்குங்கள். கோளாறு வந்தால் பதில் சொல்ல ஒரே தயாரிப்பாளர் இருப்பார். கட்டிய துப்பாக்கி மக்கர் செய்தால், குழல் விற்றவர் போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் பாகம்) கைகாட்டுவார். போல்ட் விற்றவர் மேகசினைக் கைகாட்டுவார்.

கட்டுவதற்கு நான் ஒப்புக்கொள்ளும் காரணம் ஒன்றுதான்: உங்களுக்கு வேண்டிய குழல், உதாரணமாக 6.5 கிரீட்மூர் என்ற தோட்டாவுக்குக் குறிப்பிட்ட நீளம், கடையில் கிடைக்கவில்லை. அப்போதும் இரண்டு ரிசீவர்களையும் ஒரே தயாரிப்பாளரிடம் வாங்குங்கள். குழலையும் போல்ட்டையும் பொருத்திப் பார்த்த ஜோடியாகவே கேளுங்கள். முதல் தோட்டாவைச் சுடுவதற்கு முன் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸை (பூட்டிய போல்ட்டுக்கும் குழலில் தோட்டா தங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அளந்துவிடுங்கள். இதில் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். தவறினால் வெடிப்பது உங்கள் முகத்தருகே.

கட்டுவதால் சட்டத்தைத் தவிர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஏஆர் வகையில் கீழ் ரிசீவர்தான் சட்டப்படி துப்பாக்கி. உரிமம் பெற்ற கடையில் அதற்கும் வாங்குபவர் நிரப்பும் 4473 படிவம், பின்னணிச் சோதனை எல்லாம் உண்டு. கூட்டாட்சிச் சட்டப்படி கடையில் முழு ரைஃபிள் வாங்க 18 வயது போதும்; தனி ரிசீவருக்கு 21. தனியாகப் பதிவு செய்து அனுமதி பெறாமல் குழல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கலிஃபோர்னியா, நியூயார்க், இலினாய் மாநிலங்களில் விதிகள் இன்னும் கடுமை.

எப்படி வந்த துப்பாக்கியானாலும், முதலில் சுட்ட வெற்று உறைகளைப் பொறுக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்க விளிம்பு பிய்ந்தோ வளைந்தோ இருந்தால், சுடும்போது குழலிலிருந்து வரும் வாயு தேவைக்கு அதிகமாகி போல்ட்டை வேகமாகப் பின்னுக்கு இழுக்கிறது என்று சந்தேகிக்கலாம். பெரிய காலிபர் ஏஆர்களில் அடிக்கடி காணும் குறை இது. வாங்கியது என்றால் உறைகளோடு தயாரிப்பாளருக்குத் திருப்பி அனுப்புங்கள். கட்டியது என்றால், வாயு அளவைக் கூட்டிக் குறைக்கும் கேஸ் பிளாக் ஒன்றை மெக்கானிக்கிடம் கேளுங்கள்.