நிலம் வாங்கப் போகிறீர்களா? அந்தப் புல்லைப் பற்றி முதலில் கேளுங்கள்

அமெரிக்காவுக்கு வந்து கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் நம்மவர்கள் பலருக்கு நிலத்து ஆசை வந்துவிடுகிறது. தப்பில்லை. ஆனால் அயோவா, கான்சஸ் பக்கம் நிலம் பார்க்கப் போகும்போது, "நாற்பது ஏக்கர், அதில் பாதி சும்மா புல் வளர்ந்து கிடக்கிறது" என்று யாராவது சொன்னால் அந்த 'சும்மா'வை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

அது சிஆர்பி (கன்சர்வேஷன் ரிசர்வ் புரோகிராம்) என்ற மண் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்த நிலமாக இருக்கலாம். 1985 பண்ணைச் சட்டத்தில் வந்த திட்டம் இது. மண் அரிக்கும் நிலத்தில் பயிர் வைக்காமல் புல்லோ மரமோ வளர்த்தால் அரசாங்கம் வருஷா வருஷம் வாடகை தரும், ஒப்பந்தம் 10 முதல் 15 வருஷம். பணம் அக்டோபரில் வரும், அரசு தந்த பணத்தைக் காட்டும் 1099-ஜி படிவமும் வரும், வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

அப்படி ஒரு நிலத்தை வாங்கிய முதல் கோடையில் நான் செய்யப் பார்த்த காரியத்தைச் சொல்கிறேன். இடுப்பளவு புல், நடுவில் ஊதாப் பூவோடு முள்செடி, பார்க்கவே அலங்கோலமாக இருந்தது, அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்களோ என்று ஜூன் மாதமே வெட்டும் இயந்திரத்துக்கு ஆள் சொல்லிவிட்டேன். பக்கத்து நிலத்துப் பெரியவர்தான் ஓடி வந்து தடுத்தார். அயோவாவில் மே 15 முதல் ஆகஸ்ட் 1 வரை பறவைகள் தரையில் கூடு கட்டும் காலம், அப்போது வெட்டக் கூடாது. சரி, மற்ற மாதங்களில்? அழகுக்காக வெட்டுவது எப்போதுமே கூடாது. அந்த முள்செடியை மட்டும் ஒழிக்கத்தான் வேண்டும், விட்டால் அதுவும் ஒப்பந்த மீறல். ஆனால் கூடு கட்டும் காலத்தில் மருந்தடிப்பதற்கும் முன்னால் எஃப்எஸ்ஏ (இந்தத் திட்டத்தை நடத்தும் விவசாயத் துறையின் கிளை) அலுவலகத்தில் கேட்க வேண்டும். வைக்கோலுக்கு அறுப்பது, மாடு மேய்ப்பது எல்லாமே அவர்கள் எழுத்தில் அனுமதி தந்தால்தான். வேட்டைக்கு வாடகைக்கு விடலாம், அது மட்டும் ஏனோ தாராளம்!

நிலம் கைமாறும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வாங்கியவர் 60 நாளுக்குள் ஒப்பந்தத்தைத் தன் பெயருக்கு ஏற்காவிட்டால், விற்றவர் அதுவரை வாங்கிய வாடகை முழுவதையும் வட்டியோடும் அபராதத்தோடும் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். அதனால் அந்தச் சுமையை உங்கள் தலையில் கட்டும் நிபந்தனை ஒன்றை அவருடைய வக்கீல் விற்பனைப் பத்திரத்தில் நுழைத்திருக்கலாம். சிஆர்பி-1 என்ற ஒப்பந்தப் படிவத்தையும் அதோடு இருக்கும் பராமரிப்புத் திட்டத்தையும் பத்திரப் பதிவுக்கு முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள். எத்தனை வருஷம் பாக்கி, நடுவில் ஒரு தடவை எரிக்கவோ உழுது கிளறவோ வேண்டிய வேலை இருக்கிறதா, அதை விற்பவர் முடித்துவிட்டாரா என்று பாருங்கள்.

அப்புறம் விசா விஷயம். கிரீன் கார்டு இல்லாமல் எச்-1பியில் இருந்துகொண்டு விவசாய நிலம் வாங்கினால், வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்கினால் அரசுக்குத் தெரிவிக்கச் சொல்லும் 1978 சட்டப்படி 90 நாளுக்குள் எஃப்எஸ்ஏ-153 படிவம் கொடுக்க வேண்டும். விட்டால் அபராதம் நில மதிப்பில் 25 சதவீதம் வரை போகும். வாடகைப் பணமும் அப்படிப்பட்டவர்களுக்குச் சுலபத்தில் கிடைக்காது, நிலம், முதலீடு இரண்டோடு சொந்த உடல் உழைப்பையும் கணிசமாகப் போட்டிருக்க வேண்டும். நாள் முழுக்க கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது எங்கே நடக்கும்? வாடகை வரும் என்று கணக்குப் போட்டு வங்கிக் கடன் எடுப்பதற்கு முன், அந்த நிலம் இருக்கும் கவுன்ட்டியின் எஃப்எஸ்ஏ அலுவலகத்துக்கு ஒரு நடை நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.