அந்தமானில் முதுகு பிடித்துக்கொண்டால்: டைவிங் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வடாற்காடு பக்கத்திலிருந்து அந்தமான் போகிறவர்கள் இப்போது நிறைய. காட்பாடியில் ரயில் பிடித்துச் சென்னை, அங்கிருந்து போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) விமானம், அப்புறம் கப்பலில் ஹேவ்லாக். 2018இல் அந்தத் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள், பழைய பெயரும் புழக்கத்தில்தான் இருக்கிறது. ஸ்கூபா டைவிங்குக்குப் பலர் ஊரில் இருக்கும்போதே பணம் கட்டிவிடுகிறார்கள். போன இடத்தில் முதுகு பிடித்துக்கொண்டால், "காசு கட்டியாச்சே, எப்படி விடுறது" என்று ஒரு நினைப்பு வரும். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அதிலிருந்துதான் முளைக்கின்றன.

தண்ணீரில் கால் வைக்கும் முன்பே முதல் தவறு நடந்துவிடுகிறது. டைவிங் மையத்தில் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். அன்றாட வேலையைத் தடுக்கிற அளவுக்கு முதுகுவலி கடந்த 6 மாதத்தில் திரும்பத் திரும்ப வந்ததா, கடந்த 12 மாதத்தில் முதுகில் அறுவை சிகிச்சை நடந்ததா என்றெல்லாம் அதில் கேட்டிருக்கும். ஆம்பூரில் ஷூ தைப்பவருக்கும் குடியாத்தத்தில் தறியில் உட்காருபவருக்கும் முதுகுவலி ஒரு நோயாகவே படுவதில்லை. அது தினப்படி சமாச்சாரம். அதனால் "இல்லை" என்று டிக் அடித்துவிடுவார்கள். "ஆம்" என்று எழுதினால் டாக்டர் சான்று கேட்பார்கள் என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். சான்று வேண்டுமென்றால் கிளம்பும் முன் ஊரிலேயே டாக்டரைப் பார்த்து வாங்கிவிடுங்கள். காலில் ஏற்கெனவே மரமரப்பு இருந்தால் அதை எழுத்தில் குறித்து வாங்குவது மிக முக்கியம். டைவிங்குக்குப் பிறகு கால் மரத்தால், அது பழையதா புதியதா என்று பிரித்துச் சொல்ல அந்தக் குறிப்புதான் உதவும்.

அடுத்தது தூக்குவது. காற்று நிரம்பிய அலுமினிய சிலிண்டர் ஒன்றே சுமார் 16 முதல் 18 கிலோ இருக்கும். ஜாக்கெட், சுவாசிக்க வாயில் வைக்கும் ரெகுலேட்டர், மிதக்காமல் கீழே இறங்க இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகள் என்று சேர்த்தால் 20 கிலோ தாண்டும். ஆடுகிற படகில், ஈரத் தளத்தில், அதை முதுகில் மாட்டிக்கொண்டு குனிந்து திரும்பும் நொடியில்தான் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. வீரம் காட்ட வேண்டிய இடம் இது இல்லை. சிலிண்டரையும் ஜாக்கெட்டையும் தண்ணீரில் இறக்கித் தரச் சொல்லி அங்கேயே மாட்டிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது ஈயத்தையும் சிலிண்டரையும் முதலில் கழற்றி மேலே கொடுத்துவிட்டு, வெறும் உடம்போடு ஏணி ஏறலாம். கேட்டால் செய்து தருவார்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

ஸ்பீட் படகில் முன்பக்கம் உட்காருவதும் தவறு. காற்று நன்றாக வரும், படமும் நன்றாக விழும். ஆனால் அலையில் எகிறி விழும்போது முழு அடியும் முதுகெலும்பில் இறங்கும். எலும்பே நசுங்கியவர்கள் உண்டு. வயதானவர்களைக் கட்டாயம் பின்பக்கம் உட்கார வையுங்கள்.

சரி, பிடித்துக்கொண்டது. மறுநாள் இன்னொரு டைவ் பாக்கி இருக்கிறது. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். வலி குறைந்தால் காயம் ஆறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. கூடவே, தசைப் பிடிப்புக்குத் தரும் மாத்திரைகளில் பலவும் தூக்கக் கலக்கம் தருபவை. கடலடியில் அந்தக் கலக்கம் உயிருக்கே ஆபத்து. வாந்தி எடுத்து, வெயிலில் காய்ந்து, தண்ணீர் குடிக்காமல் வெறும் வயிற்றில் டைக்ளோஃபெனாக் போடுவது சிறுநீரகத்துக்கும் நல்லதில்லை. முதுகு வலிக்கிறதா, அன்றைக்கு டைவ் வேண்டாம். கட்டிய பணம் போனால் போகட்டும்.

இனி சொல்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கடலுக்குள் போய்வந்த பிறகு வரும் முதுகுவலியை வெறும் சுளுக்கு என்றோ, வாயுப் பிடிப்பு என்றோ நினைத்துவிடுவது. ஆழத்தில் அழுத்தம் கூடும்போது, சுவாசிக்கிற காற்றில் உள்ள நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. வேகமாக மேலே வந்தாலோ, ஆழத்தில் அதிக நேரம் இருந்தாலோ, அது குமிழிகளாகப் பிரியும். அந்தக் குமிழிகள் தண்டுவடத்தைப் பாதித்தால் முதலில் முதுகு வலிக்கலாம். வயிற்றைச் சுற்றிக் கச்சை கட்டியதுபோல ஒரு இறுக்கம் வரலாம். பிறகு கால் கூசும், மரக்கும், தளரும், சிறுநீர் போக முடியாது. நம்மவர்கள் இந்த இறுக்கத்துக்கு ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். அங்கேதான் நேரம் போய்விடுகிறது.

பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் வழிகாட்டி கையைப் பிடித்து அழைத்துப்போகும் ஒரே ஒரு அறிமுக டைவில் இது அரிது. பயிற்சி முடித்து ஒரே நாளில் இரண்டு மூன்று முறை ஆழமாக இறங்குகிறவர்களுக்கு ஆபத்து கூடுதல். தூக்கும்போது "சுருக்" என்று பிடித்து, அசைந்தால் வலித்து, ஒருக்களித்துப் படுத்தால் குறைகிற வலி பெரும்பாலும் தசை வலி. மேலே வந்த சில மணி நேரத்தில், எதையும் தூக்காமலே தொடங்கி, எப்படிப் படுத்தாலும் மாறாத வலியைச் சந்தேகப்படுங்கள். காலில் மரமரப்பும் சேர்ந்தால் யோசிக்கவே வேண்டாம். டைவிங் மையத்துக்கு உடனே சொல்லி ஆக்ஸிஜன் கேளுங்கள், நோயாளியை மல்லாக்கப் படுக்க வையுங்கள், போர்ட் பிளேருக்கு அனுப்ப ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். இதற்கான முறையான சிகிச்சை, உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டும் அழுத்த அறையில்தான்.

டைவ் செய்யாதவருக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. தொடைகளுக்கு நடுவே, உட்காரும் இடத்தில் உணர்ச்சி போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தன்னை அறியாமல் போவது, இரண்டு காலும் தளர்வது: இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று சொல்லும் வியாதி இல்லை இது. முதுகெலும்பின் அடிப்பகுதியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்கினால் சில மணி நேரத் தாமதமும் கணக்கில் வரும்.

உருவி விடுவது, முதுகில் ஏறி மிதிப்பது எதுவும் வேண்டாம். நம் பக்கத்தில் எலும்பு விவகாரம் என்றாலே புத்தூர் கட்டு ஞாபகம் வரும். என்ன காயம் என்று தெரியாத முதுகை யாரும் முறுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அதற்காக அறையிலேயே நாள் கணக்கில் படுத்துக் கிடப்பதும் தவறுதான். சாதாரணப் பிடிப்பாக இருந்தால், வலி பொறுக்கிற அளவுக்கு மெல்ல நடப்பதுதான் சீக்கிரம் குணமாக்கும்.

வலி வந்ததும் பதறி அடுத்த விமானத்தைப் பிடிக்காதீர்கள். ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும் என்பது பொதுவான விதி. 24 என்று வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. குமிழி சந்தேகம் இருந்தால், டாக்டர் சொல்லும்வரை விமானமே கூடாது. தசைப் பிடிப்புதான் என்று உறுதியானால், சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லி, நடைபாதை ஓர இருக்கை வாங்கி, நடுவில் எழுந்து நில்லுங்கள். சென்னையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டரை காரில் குலுங்கி வருவதைவிட, எழுந்து நடக்க இடமுள்ள காட்பாடி ரயில் முதுகுக்கு நல்லது.

முதுகுத் தண்டு பாதித்தவர்களுக்கான மறுவாழ்வு மருத்துவத்தில் வேலூருக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். பின்பு அவர் முன்னின்று உருவாக்கிய மறுவாழ்வு மையம் 1966இல் தொடங்கியது. அது இன்றும் பாகாயத்தில் இயங்குகிறது. இப்படிப்பட்ட ஊருக்குத் திரும்பி வந்த பிறகும், டாக்டரிடம் "முதுகு வலிக்குது" என்று மட்டும் சொல்லி, கடலுக்குள் போனதை விட்டுவிடுகிறார்கள். எத்தனை டைவ், எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், கடைசியாக மேலே வந்தது எப்போது, வலி தொடங்கியது எப்போது, என்ன மாத்திரை போட்டீர்கள்: இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.