அலைவுறும் அழுத்தத்தில் எரிதலை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராக்கெட்டின் திட உந்துபொருள் எரிகையில் அழுத்தம் ஏறி இறங்கும்போது, எரியும் பரப்பிலிருந்து வெளிவரும் வாயுவின் அளவும் கூடிக் குறைகிறது. வாயு அளவின் மாற்றத்தையும் அழுத்தத்தின் மாற்றத்தையும் தத்தம் சராசரியின் பங்காகக் கொண்டு, முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைக்கும் விகிதமே அழுத்தத் துலங்கல். இதை நேரடியாக அளந்துவிடுவதாக எண்ணுவதுதான் முதல் தவறு. டி-பர்னர் என்னும் சோதனைக் குழாயில் நாம் உண்மையில் அளப்பது, இரு முனைகளிலும் மாதிரிகள் எரியும்போது குழாயில் எழும் ஒலியலையின் வீச்சு வளரும் வேகத்தையும், எரிந்து தீர்ந்தபின் அது தேயும் வேகத்தையும் மட்டுமே. துலங்கல் அவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது.

இக்கணக்கில்தான் பெரும்பிழை நுழைகிறது. எரியும்போது ஏற்படும் ஒலியாற்றல் இழப்பும் எரிந்து தீர்ந்தபின் ஏற்படும் இழப்பும் ஒன்றே என்று பலர் கொள்கின்றனர். ஆனால் சுடர் அணைந்ததும் வாயு குளிரத் தொடங்குவதால் ஒலியின் வேகமும், அதனுடன் அதிர்வெண்ணும் இழப்பும் மாறிவிடுகின்றன. எரிபரப்பை மட்டும் மாற்றிப் பல சோதனைகள் செய்து, வளர்ச்சி வேகத்தைப் பரப்புக்கு எதிராக வரைந்து, அக்கோட்டின் சரிவிலிருந்து துலங்கலைப் பெறுவதையே நான் நம்புவேன். வீச்சின் மடக்கை நேர்கோடாக உயரும் தொடக்கப் பகுதியை மட்டுமே எடுக்க வேண்டும். வீச்சு உச்சவரம்பை எட்டிய பகுதி இதற்கு உதவாது.

வெவ்வேறு வேகத்தில் எரியும் இரு பொருள்களை ஒரே அதிர்வெண்ணில் ஒப்பிடுவதும் ஏமாற்றும். பரப்புக்கு அடியிலுள்ள வெப்ப அடுக்கு மாற்றத்துக்கு ஈடுகொடுக்க எடுக்கும் நேரம், வெப்ப விரவுமையை (பொருளுக்குள் வெப்பம் பரவும் விரைவின் அளவு) எரிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும்: விரவுமை வினாடிக்கு 0.1 சதுர மில்லிமீட்டராக இருந்தால், வினாடிக்கு 5 மில்லிமீட்டர் எரியும் பொருளுக்கு அது 4 மில்லிவினாடி, 10 மில்லிமீட்டர் எரிவதற்கு 1 மில்லிவினாடிதான். ஆகவே அதிர்வெண்ணை இந்நேரத்தால் பெருக்கிய பின்பே ஒப்பிட வேண்டும்.

அழுத்த உணரியை குழாயின் நடுவில் பொருத்தினால் முதல் நிலை அலை ஏறத்தாழ தெரியவே தெரியாது, ஏனெனில் அங்கு அழுத்தக் கணு, அதாவது அலையின் அழுத்தம் ஏறி இறங்காத இடம், அமைகிறது. நீண்ட துளைக்குள் புதைத்தாலோ, துளையின் சொந்த ஒத்ததிர்வு அளவீட்டில் கலந்துவிடும்.

உந்துபொருளில் ஆக்சிஜனேற்றியாகச் சேரும் அம்மோனியம் பெர்குளோரேட், தனித்திருக்கையில், ஏறத்தாழ 20 வளிமண்டல அழுத்தத்துக்குக் கீழே, தொடக்க வெப்பநிலை அறை வெப்பநிலையாக இருக்கும்போது, தானாகத் தொடர்ந்து எரியாது. அந்த எல்லையருகே பெற்ற எண்களைத் துலங்கலாகக் கொள்ளக்கூடாது. தனிப்பொருள்களின் துலங்கல்களைக் கூட்டிக் கலவையின் துலங்கலைச் சொல்வதும் கூடாது, ஏனெனில் கலவையில் ஆக்சிஜனேற்றியின் ஆவியும், அதன் துகள்களைப் பிணைத்து எரிபொருளாகவும் உதவும் பிணைப்பியின் ஆவியும் கலந்து எரியும் சுடர் தனிப்பொருளில் இல்லவே இல்லை.

அதிர்வெண் சுழியை நெருங்கும்போது துலங்கல், நிலையான எரிதலில் கண்ட அழுத்த அடுக்குக்குறியை (எரிவேகம் அழுத்தத்தின் எத்தனையாம் அடுக்காக உயர்கிறது என்ற எண்) நெருங்க வேண்டும். நெருங்காவிட்டால் இழப்புக் கணக்கையே முதலில் திரும்பப் பார்க்க வேண்டும்.